நிலைத்த தொழில் மேலாண்மை என்றால் என்ன? குமரி மாவட்டத்துத் தொழில்களை வைத்து ஓர் எளிய விளக்கம்

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் நிறுவனங்களின் வாசலில் மரக்கன்று நடும் படங்கள் நாளிதழ்களில் வரிசையாக வருகின்றன. 'நிலைத்த வளர்ச்சிக்கான முயற்சி' என்று படத்தின் கீழே எழுதியிருக்கும். மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கன்றுக்கும், அந்த நிறுவனம் சரக்கு வாங்குகிற, பொருள் செய்கிற, கூலி கொடுக்கிற முறைக்கும் ஒட்டும் உறவும் இல்லாமலே போகலாம். இன்னொரு பக்கம், மார்த்தாண்டத்திலோ கருங்கலிலோ சிறு ஆலை நடத்துபவரிடம் இந்தப் பேச்சை எடுத்தால், "அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு, நமக்குக் கட்டுப்படியாகாது" என்று பதில் வரும்.

இரண்டு தரப்பும் ஒரே இடத்தில்தான் பிசகுகின்றன. நிலைத்தன்மை என்பது லாபம் பார்த்த பிறகு மிச்சப் பணத்தில் செய்யும் நற்பணி என்று இருவருமே எண்ணுகிறார்கள். ரப்பர், முந்திரி, மீன், தேன், தென்னை என்று மண்ணையும் கடலையும் நம்பிப் பிழைக்கும் ஒரு மாவட்டத்துக்கு இந்த எண்ணம் பெரிய நஷ்டத்தைக் கொண்டுவரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் அடிப்படையிலிருந்து விளக்கப் பார்க்கிறேன்.

பால்வெட்டிலிருந்து தொடங்குவோம்

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டைக் கவனித்துப் பாருங்கள். ரப்பர் பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரத்தைப் பருக்க வைக்கிற மெல்லிய வளர்படலம் இருக்கிறது. கத்தி ஆழமாக இறங்கினால் அன்றைக்குச் சிரட்டையில் பால் கூடும். ஆனால் வளர்படலத்தில் கத்தி பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும். பிற்பாடு அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. தேர்ந்த தொழிலாளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்துத்தான் வெட்டுவார். விளக்கு வெளிச்சத்தில், கை ஓடும் வேகத்தில், மரத்துக்கு மரம் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தவறவிடாமல் போவது பெரிய கைத்திறன்.

வெட்டும் இடைவெளியும் முக்கியம். ஓய்வே கொடுக்காமல் வெட்டிக்கொண்டிருந்தால் பட்டை வறண்டு பால் நின்றுபோகும். கன்று நட்டு, முதல் வெட்டுக்குச் சுமார் ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் அதன்பிறகு இருபது ஆண்டுக்கு மேல் பால் கிடைக்கும். மரத்தை முறித்து மறுநடவு செய்யப்போகும் கடைசிக் காலத்தில் மட்டும் பட்டையைப் பற்றிக் கவலைப்படாமல் வெட்டி எடுப்பார்கள். அதற்குக் கடும்வெட்டு என்று பெயர்.

ஒரு தொழில் தன் தண்ணீரை, மண்ணை, தொழிலாளரின் உடம்பை, வாங்குபவரின் நம்பிக்கையைத் தின்று இந்த ஆண்டு லாபத்தைக் கூட்டிக்காட்டினால், அது நடுவயதிலேயே கடும்வெட்டு நடத்துகிறது. கணக்கில் லாபம் என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு உண்மையில் மூலதனம். அதே சமயம், மரத்தை வெட்டாமலே விட்டுவிடுவதும் விடையாகாது. பால் இல்லாமல் யாருக்கும் வருமானம் இல்லை. எடுக்கவும் வேண்டும், எடுக்கும் முறையால் அடுத்த ஆண்டுக்கான ஆதாரம் அழியவும் கூடாது. இதுதான் மேலாண்மை.

நிலைத்த தொழில் மேலாண்மை: பொருள்

நார்வே பிரதமராக இருந்த க்ரோ ஹார்லெம் புருண்ட்லாந்து தலைமையிலான ஐ.நா. ஆணையம் 1987-ல் தந்த விளக்கம் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. வருங்காலத் தலைமுறையினர் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் குலைக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சியே நிலைத்த வளர்ச்சி என்று அது கூறியது. இதைத் தொழில் நடத்துபவரின் மேசைக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் எல்கிங்டன். பணக் கணக்கோடு மனிதர் கணக்கையும் இயற்கைக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1994-ல் அவர் வாதிட்டார். மும்முனைக் கணக்கு என்று இதைச் சொல்லலாம்.

ஆகவே நிலைத்த தொழில் மேலாண்மை என்பது ஒரு துறையோ ஒரு நாள் நிகழ்ச்சியோ கிடையாது. கொள்முதல், உற்பத்தி, கூலி, மின்சாரம், கழிவு, விற்பனை ஆகிய அன்றாட முடிவுகள் ஒவ்வொன்றிலும் மூன்று கணக்கையும் பார்ப்பது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2013-ம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய வரம்புகளில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். இது நிறுவன சமூகப் பொறுப்பு. பள்ளிக்குக் கழிப்பறை கட்டுவதும் மருத்துவ முகாம் நடத்துவதும் இதில் அடங்கும். அந்த 2 சதவீதம் எங்கே போகிறது என்பது சமூகப் பொறுப்பு கேட்கும் கேள்வி. மீதி 98 சதவீதம் எப்படிச் சம்பாதிக்கப்பட்டது என்பதே நிலைத்தன்மை கேட்கும் கேள்வி. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் வாரியமான செபி, அங்கே பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் இந்த இரண்டாவது கேள்விக்கு ஆண்டறிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தொழிலின் ஆதாரத்தை அழிக்காமல் வருமானம் எடுப்பது நிலைத்த மேலாண்மை. அது அன்றாட முடிவுகளில் இருக்கிறது, நன்கொடையில் இல்லை.

போட்டித் திறன்: விலை மட்டும்தானா?

போட்டித் திறன் என்றதும் 'அடுத்தவனைவிடக் குறைந்த விலைக்கு விற்பது' என்றே பலர் புரிந்துகொள்கிறார்கள். விலை அதில் ஒரு பகுதி. அதே சந்தையில், அடுத்த ஆண்டும் அதற்கு அடுத்த ஆண்டும், நட்டப்படாமல் விற்றுக்கொண்டிருக்கும் வலிமைதான் போட்டித் திறன். இதன் அடியில் இருப்பது உற்பத்தித் திறன், அதாவது செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலிருந்தும் ஒவ்வொரு மணி நேர உழைப்பிலிருந்தும் எவ்வளவு மதிப்பு கிடைக்கிறது என்ற அளவு.

மேற்குக் குமரியில் 'அண்டி ஆபீஸ்' என்று அழைக்கப்படும் முந்திரி ஆலைகளைப் பாருங்கள். கேரளத்தின் கொல்லத்தை மையமாகக் கொண்டிருந்த இத்தொழில், கூலி குறைவு என்ற காரணத்தாலும் எல்லை தாண்டி இந்தப் பக்கம் பரவியது. கூலியை மட்டும் நம்பி வந்த தொழில் கூலியாலேயே தள்ளாடும். பிற்பாடு வியட்நாம் இயந்திரங்களைப் புகுத்தி, முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்திக்கொண்டு முதலிடத்துக்குப் போய்விட்டது. இரு நாடுகளும் ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டையை வாங்குகின்றன. மூலப்பொருள் ஒரே இடத்திலிருந்து வரும்போது, அதைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் ஏற்படும்.

முந்திரியில் முழுப் பருப்புக்குத்தான் விலை. 'டபிள்யூ 320' என்ற தரக்குறி, ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் 300 முதல் 320 முழுப் பருப்புகள் இருக்கும் என்பதைக் குறிக்கிறது. எண் சிறியதாக இருந்தால் பருப்பு பெரியது, விலையும் கூடுதல். உடைந்து இரண்டாகப் போனாலோ விலை சரிகிறது. கையால் உடைக்கும் ஆலைகளில், கொட்டையைக் கல்லில் வைத்து, ஓடு மட்டும் பிளக்கும்படி தட்டுகிறார்கள் பெண்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கும். விரல்கள் கறுத்து வெடிக்கும். அதற்காகச் சாம்பலும் எண்ணெயும் பூசிக்கொண்டு உட்காருகிறார்கள். ஒரே தட்டில் பருப்பு முழுதாக வரும் கைப்பழக்கம் வர நாளாகும். அந்தக் கை வேலையை விட்டுப் போனால் ஆலையின் முழுப் பருப்பு விகிதமும் கூடவே இறங்கும். கையுறை, காற்றோட்டம், உட்காரத் தக்க மேடை, சேமநல நிதி இவற்றையெல்லாம் செலவு என்று மட்டும் எழுதிவைக்கும் கணக்கில், உடைந்த பருப்பால் வரும் இழப்பு எங்கே எழுதப்படுகிறது? அது எழுதப்படுவதே இல்லை. தொழிலாளர் நலனும் போட்டித் திறனும் இரண்டு வேறு பெட்டிகள் என்ற எண்ணம் உண்டாவது இப்படித்தான்.

வளரும் பொருளாதாரத்தில் என்ன வேறுபாடு?

'வளரும் சந்தை' என்ற பெயரை 1981-ல் வழக்குக்குக் கொண்டுவந்தவர், உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகத்தில் பணியாற்றிய ஆன்ட்வான் வான் அக்ட்மேல். வருமானம் வேகமாக உயர்ந்துகொண்டிருந்தாலும் பணக்கார நாடுகளின் நிலையை இன்னும் எட்டாத இந்தியா, பிரேசில், வியட்நாம் போன்ற நாடுகளை வளரும் பொருளாதாரங்கள் என்கிறோம்.

இந்த நாடுகளில் தொழில்களில் மிகப் பெரும்பாலானவை சிறியவை. கடன் வட்டி அதிகம். எழுத்து ஒப்பந்தம் இல்லாத வேலைதான் பரவலாக இருக்கிறது. எல்லாவற்றையும்விட, ஏற்றுமதிச் சந்தையின் விதிகள் வேறெங்கோ எழுதப்படுகின்றன. பணக்கார நாடுகளுக்காக எழுதப்பட்ட நிர்வாக அறிவுரையை அப்படியே இங்கே இறக்கினால் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

நிலைத்தன்மை போட்டித் திறனாக மாறும் வழிகள்

முதல் வழி, வீணாவதைக் குறைப்பது. போட்டித் திறன் ஆய்வில் பெயர் பெற்ற ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1990-களில் ஒரு கருத்தை முன்வைத்தார். மாசு என்பது பெரும்பாலும் முழுமையாகப் பயன்படுத்தப்படாத பொருள். நன்றாக வகுக்கப்பட்ட சுற்றுச்சூழல் விதி, நிறுவனத்தைப் புதிய முறை தேடவைத்துச் செலவையும் குறைக்கக்கூடும் என்பது அவர் வாதம். எல்லா இடத்திலும் இது நடப்பதில்லை என்று மறுப்பவர்களும் உண்டு. ஆனால் முந்திரியில் கண்கூடாகத் தெரிகிறது. கொட்டையின் எடையில் பருப்பு ஏறத்தாழக் கால் பங்குதான். மீதி பெரும்பாலும் ஓடு. அந்த ஓட்டைச் சும்மா எரித்தால் கண்ணைக் கரிக்கும் புகை. பிழிந்தால் எண்ணெய், அது பெயிண்டுக்கும் வாகன பிரேக் உறைகளுக்கும் போகிறது. பிழிந்த சக்கை எரிபொருளாகிறது. அக்கம்பக்கத்தார் புகார் சொல்லும் அதே ஓடு ஆலையின் இன்னொரு வருமானம்.

ரப்பரிலும் இப்படி ஒன்று உண்டு. ரப்பர் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம், வாரம் ஒருமுறை மட்டும் வெட்டும் முறையைப் பரிந்துரைத்துவருகிறது. பால் சுரப்பைத் தூண்டும் மருந்தை அளவாகப் பூசி, மழைக்காலத்தில் மரத்துக்கு பிளாஸ்டிக் மறைப்புக் கட்டி வெட்டினால், விளைச்சல் பெரிதாகக் குறையாது. தோட்டச் செலவில் மிகப் பெரிய பங்கான வெட்டுக்கூலி மிச்சமாகிறது, பட்டையும் நீண்ட காலம் வருகிறது. வெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற குறை எல்லாத் தோட்டங்களிலும் கேட்கும் இந்தக் காலத்தில், மரத்துக்கு நல்லதும் பைக்கு நல்லதும் ஒன்றாகவே அமைந்த அரிய இடம் இது.

இரண்டாவது வழி, எரிசக்தி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றை நம்பி முப்பந்தல் சுற்றுவட்டாரத்தில் நிற்கும் காற்றாலைகளில் பல, தொலைவிலுள்ள நூற்பாலைகளுக்கும் பிற நிறுவனங்களுக்கும் சொந்தம். இங்கே உற்பத்தியாகும் மின்சாரம் அரசின் மின்கட்டமைப்பில் சேர்ந்து, கட்டணம் போக, அவர்கள் ஆலையின் மின் கணக்கில் கழிக்கப்படுகிறது. வரிச் சலுகையும் மின் கட்டணச் சிக்கனமும் பார்த்தே பெரும்பாலோர் முதலீடு செய்தார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. லாபக் கணக்கோடு பொருந்தியதால்தான் அந்த இறக்கைகள் இத்தனை ஆண்டாகச் சுழல்கின்றன.

மூன்றாவது வழி சந்தை அனுமதி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு ஷீட்டின் ஊர் எது?

ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புத் தடுப்பு விதி ஒன்றை இயற்றியது. மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து செய்யப்படும் பல பொருள்களும் அதில் வருகின்றன. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது, விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்ததாகவும் இருக்க வேண்டும். விளைந்த நிலத்தின் புவி இருப்பிடத்தைக் காட்டவும் வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டம் என்றால் எல்லை முழுவதையும், சிறிய தோட்டம் என்றால் ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் தர வேண்டும். விதியைச் செயல்படுத்தும் தேதி ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. ஆனால் வாங்குபவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

'நம் ரப்பர் ஐரோப்பாவுக்குப் போவதில்லையே' என்று தோன்றலாம். நேராகப் போக வேண்டியதில்லை. திருவட்டாரில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவரின் ஷீட், அதாவது பாலை உறையவைத்துத் தகடாக்கிக் காயவைத்த ரப்பர், ஊர் வியாபாரியின் கடையில் மற்றவர்களின் ஷீட்டோடு அடுக்கப்படுகிறது. அங்கிருந்து மொத்த வியாபாரி, பிறகு டயர் ஆலை, அதன்பின் ஏற்றுமதி. டயர் வாங்குபவர் கேட்கும் கேள்வி இந்தச் சங்கிலி வழியாகப் பின்னோக்கி நடந்து அந்த ஒரு ஏக்கருக்கு வந்து சேரும். ஒரு பொருளை அது பிறந்த இடம் வரை பின்தொடர்ந்து காட்ட முடிவதைத் தடமறிதல் என்கிறார்கள். நம்மிடம் கடையில் அடுக்கும்போதே தடம் அழிந்துவிடுகிறது. தாத்தா காலத்திலிருந்தே ரப்பர் நிற்கும் நிலம்தான். காட்டைத் தொட்டதே இல்லை. ஆனாலும் அதைக் காட்ட ஒரு தாளும் இல்லையென்றால், நல்ல சரக்கும் சந்தேகச் சரக்காகவே எடை போடப்படும்.

இது நியாயமா என்றால், சுமை சரியாகப் பகிரப்படவில்லை என்பதே என் கருத்து. சான்றுக்கான செலவு விவசாயிக்கும், சான்றுள்ள பொருளின் கூடுதல் விலை நடுவில் இருப்பவருக்கும் போகும் ஆபத்து நிஜமானது. அதற்காகத் தடம் வைக்காமல் இருந்தால், பேரம் பேசும் இடத்துக்கே நாம் போக முடியாது.

சுருக்கமாக: வீண் குறைந்தால் செலவு குறையும், எரிசக்தி சொந்தமானால் கட்டண உயர்வின் அடி குறையும், தடம் இருந்தால் சந்தையின் கதவு திறந்திருக்கும்.

தனியாக முடியாத இடங்கள்

எல்லா நிலைத்தன்மையும் லாபம் தரும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கடலைப் பாருங்கள். ஒரு விசைப்படகு உரிமையாளர் மட்டும் மீன் இனப்பெருக்கக் காலத்தில் கடலுக்குப் போகாமல் இருந்தால், அவர் விட்ட மீனை அடுத்த படகு அள்ளிக்கொண்டு போகும். அவருக்கு நட்டம், கடலுக்கும் நன்மை இல்லை. அதனால்தான் ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலம் எல்லா விசைப்படகுகளுக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டத்தில் இரண்டும் உண்டு: சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில், முட்டமும் குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கணக்கில். பொதுச் சொத்தை நம்பிய தொழிலில் பொது விதி இல்லாமல் நிலைத்தன்மை சாத்தியமில்லை. அந்த நாள்களில் படகுத் தொழிலாளியின் அடுப்பு எரிய நிவாரணம் வேண்டும் என்பதும் மனிதர் கணக்கில் சேர்ந்ததே.

சிறு உற்பத்தியாளருக்கு இன்னொரு துணை கூட்டு. மார்த்தாண்டம் தேன் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு வந்தால் மட்டும் விலை வந்துவிடாது. வீட்டுக்கு வீடு எடுத்த தேனை ஒரே இடத்தில் சேர்த்து, ஈரப்பதமும் கலப்படமும் சோதித்து, ஒரே தரத்தில் அடைத்து விற்கும் கூட்டுறவு அமைப்பு இருந்தால்தான் அந்தப் பெயரைப் பணமாக்க முடியும். பெட்டிகளை ரப்பர் தோட்டத்தில் வைத்து, இளந்தளிர் காலத்தில் இலைக்காம்புகளில் சுரக்கும் இனிப்பை நம்பித்தான் இங்கே பெருமளவு தேன் கிடைக்கிறது. தோட்டக்காரர் தளிருக்கு மருந்து தெளிக்கும் நாளைத் தேனீ வளர்ப்பவருக்கு முன்கூட்டிச் சொன்னாலே இரு தொழிலும் பிழைக்கும். அதற்குச் செலவு எதுவும் கிடையாது.

எங்கே கை வைப்பது?

சான்றிதழுக்கு ஓடுவதற்கு முன் அளக்கத் தொடங்குங்கள். கடந்த பன்னிரண்டு மாத மின் கட்டண ரசீதுகளை எடுத்து, மாத உற்பத்தியால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ சரக்குக்கு எத்தனை யூனிட் என்ற எண் மாதத்துக்கு மாதம் தாவினால், எங்கோ கசிவு இருக்கிறது. தண்ணீர், விறகு, உடைசல், வேலையை விட்டுப் போன ஆட்கள் ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

எண்கள் கைக்கு வந்த பிறகு, மத்திய அரசின் சிறுதொழில் அமைச்சகம் நடத்தும் ஜெட் (ZED) சான்றிதழ்த் திட்டத்தை விசாரிக்கலாம். குறையற்ற உற்பத்தி, சுற்றுச்சூழலுக்குக் கேடற்ற உற்பத்தி ஆகிய இரண்டையும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற மூன்று படிகளில் அது அளக்கிறது. குறுந்தொழில்களுக்குச் சான்றுச் செலவில் 80 சதவீதம் மானியம் உண்டு. வெண்கலப் படி, முதன்முதலில் வருபவரும் எட்டக்கூடியது.

ரப்பர் வைத்திருப்பவர்கள் பட்டா நகல், தோட்டத்தின் நடுவில் நின்று கைபேசியில் எடுத்த இருப்பிடப் புள்ளி, நட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரே உறையில் போட்டுவையுங்கள். ஷீட் விற்கும்போது தேதியும் எடையும் சர்வே எண்ணும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வியாபாரி தர மறுத்தால், பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.